அந்த நாட்களுக்கு விலை கொடுத்தவர்கள்: வாசகர் கேள்விகளும் நர்ஸம்மாவின் பதில்களும்

சென்ற இதழில் 2021 மே மாதத்து இரவு டூட்டி ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் நான். கொரோனாவின் முதல் இரண்டு அலையிலும் சென்னையில் வார்டு பொறுப்பு நர்ஸாக இருந்தேன். கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊரடங்கைப் பற்றித்தான் கேட்கின்றன. கோபமான கடிதங்கள்தான் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சிஸ்டர், சின்ன ஜவுளிக் கடை வைத்திருந்தேன். 2020-இல் பாதி போனது, 2021-இல் மீதியும் போனது. அவ்வளவு நாள் அடைத்து வைத்தும் கடைசியில் ஆஸ்பத்திரியில் பெட் இல்லை என்றுதானே சொன்னீர்கள்? அப்புறம் எதற்காக அடைத்தது?
*ஒரு வாசகர், பண்ருட்டி*

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெட் இல்லை என்று என் வாயாலேயே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் உங்களுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

வார்டுக்குள் ஒரு நோயாளி எப்படி வந்து சேர்கிறார் என்று பாருங்கள். கிருமி தொற்றி நாலைந்து நாளில் காய்ச்சல் வரும். மூச்சு வாங்க ஆரம்பிப்பது அதற்கும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து. அதாவது இன்றைக்குக் கடைத்தெருவை அடைத்தால், வார்டில் கூட்டம் குறைவது இரண்டு வாரம் தாண்டித்தான். 2021-இல் மே 10 அன்று முழு ஊரடங்கு வந்தது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று, அதுதான் உச்சம். அதன் பிறகு எண்ணிக்கை இறங்கியது. ஆனால் மரணங்கள் மாதக் கடைசி வரை ஏறிக்கொண்டேதான் இருந்தன. நீங்கள் கடையை அடைத்து வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வாரமும் எங்கள் வார்டுக்கு வந்தவர்கள், அடைப்பதற்கு முன்னாலேயே தொற்றியவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அடைத்தும் பயனில்லை என்றுதான் தோன்றும்.

பெட் என்று சொல்கிறோமே, கட்டிலுக்குப் பஞ்சம் வரவில்லை. பஞ்சம் ஆக்சிஜனுக்கும் ஆளுக்கும். 2020-இல் என் வார்டில் 30 பேர் இருந்தால் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பார்கள். 2021 மே மாதம் அந்த 30 பேருக்குமே ஆக்சிஜன் வேண்டியிருந்தது. ஒரு ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் பதினொன்றரை மணி நேரம் தாங்கும். மூக்கில் வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ மெஷினில் 60 லிட்டர் போட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. டேங்கிலிருந்து குழாயில் வந்தாலும் இதே சிக்கல்தான். ஏழெட்டுப் பேருக்கென்று போட்ட குழாய் அது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் கடைசிக் கட்டிலுக்கு அழுத்தம் குறையும்.

ஆக்சிஜன் போகிற வழியில் தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்கும். அதில் குமிழி வந்துகொண்டே இருக்கும். வார்டு முழுக்க அந்தக் களகள சத்தம்தான். ஒரு ராத்திரி, மணி மூன்று இருக்கும், என் பின்னால் அந்தச் சத்தம் மெலிந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலோரக் கடைசிக் கட்டில். ஆக்சிஜன் எவ்வளவு போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரில் மிதக்கிற குண்டு மெல்ல இறங்குகிறது. அந்த அம்மாவுக்கு விரலில் மாட்டிய மீட்டரில் ஆக்சிஜன் அளவு 86 இருந்தது, 79-க்கு வந்துவிட்டது. நானும் சின்ன வயது நர்ஸ் ஒருத்தியும் வராந்தாவிலிருந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாற்றினோம். உடம்பு முழுக்க மூடும் பிபிஇ கிட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க முடியாது. அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். அன்றைக்கு இன்னும் பத்து பேர் கூடுதலாக வந்திருந்தால் வராந்தாவில் அந்தச் சிலிண்டர் இருந்திருக்காது.

ஊரடங்கு எங்களுக்கு வாங்கித் தந்தது அந்தப் பத்து பேருடைய இடைவெளியை. உங்கள் வியாபாரத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய நாட்கள் அவை. அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2020-இல் கொஞ்சம் உருப்படியாகவே நடந்தது: பழைய வார்டுகளுக்கு ஆக்சிஜன் குழாய் இழுத்தார்கள், கிண்டியில் முதியோருக்காகக் கட்டிய கட்டடத்தை ஜூலையில் 750 படுக்கையோடு கொரோனா மருத்துவமனையாகத் திறந்தார்கள். முதல் அலையின் உச்சம் ஒரு நாளைக்கு 7,000-க்குள் நின்றது. ஆனால் அந்த வருடக் கடைசியில் தொற்று குறைந்ததும் எல்லாரும் ஓய்ந்துவிட்டோம். நான் வேலை பார்த்த இடத்தில் கூடுதலாக ஒரு டேங்க் வேண்டும் என்ற பேச்சு ஜனவரியிலேயே வந்தது. டேங்க் வந்தது ஜூன் மாதம். உங்கள் கடைக்குக் கணக்கு கேட்பதானால் அந்த ஐந்து மாதத்துக்குக் கேளுங்கள், ஐயா.

கடை எல்லாம் மூடப்போகிறோம் என்று ஒரு நாள் முன்னால் அறிவித்தால் ஜனங்கள் கடைக்கு ஓடத்தான் செய்வார்கள். இது அரசாங்கத்துக்குத் தெரியாதா?
*ஒரு வாசகி, மதுரை*

நியாயமான கேள்வி அம்மா. மதுரைக்காரர் நீங்கள், அந்தச் சனிக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. நடுவில் இருந்தது 25-ஆம் தேதி மட்டும். நாலு நாள் காய்கறியை ஒரே காலையில் வாங்க ஊரே சந்தையில் நின்றது. கோயம்பேட்டில் நின்ற கூட்டத்தை டிவியில் பார்த்துவிட்டு, எங்கள் ஹாஸ்டல் அறையில் இருந்த ஐந்து பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மே 5 அன்று கோயம்பேடு சந்தையையே மூட வேண்டியதாகிவிட்டது. அதற்குள் அங்கிருந்து லாரி பிடித்து ஊருக்குப் போனவர்கள் வழியாக அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை தொற்று போய்விட்டது.

2021-இல் மறுபடியும் அதேதான். தளர்வில்லாத ஊரடங்கு மே 24 முதல் என்று 22-ஆம் தேதி சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் கடையும் திறந்திருந்தது, வெளியூர் பஸ்ஸும் ஓடியது. பஸ் விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். 2020-இல் பஸ் இல்லாமல் வெளி மாநிலத்துக்காரர்கள் குழந்தையைத் தோளில் போட்டு நெடுஞ்சாலையில் நடந்ததையும் பார்த்தவள் நான். ஆனால் தெருத் தெருவாகக் காய்கறி வண்டி வரும் என்று முதலில் சொல்லி, இரண்டு நாள் வண்டியை ஓட்டியும் காட்டி, அதன் பிறகு கடையை மூடியிருந்தால் பாதிப் பேர் ஓடியிருக்க மாட்டார்கள். வீட்டு வாசலுக்குத் தக்காளி வரும் என்று தெரிந்தால் எந்த அம்மா நெரிசலில் போய் நிற்பாள்?

நம் மக்களுக்கு ஒழுக்கமே கிடையாது மேடம். போலீஸ் இன்னும் கடுமையாக நடந்திருந்தால் ஆஸ்பத்திரி நிரம்பியிருக்காது என்பது என் கருத்து.
*ஒரு கல்லூரி மாணவர், கோவை*

தம்பி, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 மே மாதம் எங்கள் வார்டில் கோயம்பேட்டு மூட்டைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனாலும் தூங்க மாட்டார். எந்தத் தேதியில் எந்தக் கடை திறக்கலாம் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் இருந்தது ஒண்டுக் குடித்தனம். ஒரே அறையில் ஆறு பேர், எட்டு வீட்டுக்கு ஒரு கழிப்பறை. "ஆறடி தள்ளி நிற்கச் சொல்றீங்க சிஸ்டர், எங்க ரூமே எட்டடிதான்" என்றார். அவரிடம் போய் ஒழுக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். 2021-இல் 4,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்தான். ஆனாலும் ஆறு பேர் ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிட அது காணாது.

கடுமைக்கும் ஓர் எல்லை வேண்டும். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் மொபைல் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கைது செய்தது. காவலில் அடிபட்டு மகன் 22-ஆம் தேதி இறந்தார், தகப்பன் மறுநாள் இறந்தார். நோயிலிருந்து உயிரைக் காப்பாற்றப் போட்ட விதியின் பெயரில் இரண்டு உயிர் போனது. அந்தச் செய்தி வந்த அன்று டூட்டி மாற்றும் அறையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அந்த விதிகளை எங்களுக்காகத்தான் போட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், அதனால் எங்களுக்கு இன்னும் வலித்தது.

இ-பாஸ் இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். என் அம்மாவின் காரியத்துக்கே போக முடியவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?
*ஒரு வாசகர், திருப்பூர்*

உங்கள் துக்கத்துக்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை. நோய் நாலைந்து மாவட்டத்தில் மட்டும் இருந்தபோது, மாவட்டம் விட்டு மாவட்டம் போக வாங்க வேண்டியிருந்த அந்தப் பாஸுக்கு அர்த்தம் இருந்தது. எல்லா மாவட்டத்திலும் பரவிய பிறகு அதனால் எங்கள் வார்டில் ஒரு கட்டிலும் மிச்சமாகவில்லை என்பதே என் எண்ணம். 2020 ஆகஸ்ட் 17 முதல் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார்கள், செப்டம்பரில் மாநிலத்துக்குள் அது வேண்டாம் என்றே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் முன்னாலேயே எடுத்திருக்கலாம்.

தேர்தல் கூட்டங்களைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?
*ஒரு வாசகர், நாமக்கல்*

எழுதியிருக்க வேண்டும், தவறுதான். 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய வாரங்களில் எல்லாக் கட்சிக் கூட்டத்திலும் தோளோடு தோள் உரசி நின்றார்கள், முகக்கவசம் தாடையில் தொங்கியது. ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தை மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தது. அன்றைக்கு எங்கள் வார்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

அப்பாவை ஆம்புலன்ஸில் கொண்டு போனோம். வாசலில் மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே எடுக்கும் முன்பே போய்விட்டார். தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரா சிஸ்டர்? தினமும் இதையே நினைக்கிறேன்.
*ஒரு வாசகி, திருவள்ளூர்*

அம்மா, அந்த வாரம் தனியாரிலும் இடமில்லை. போன் மேல் போன் போட்டு அலைந்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் எடுத்த முடிவில் தப்பு எதுவும் இல்லை. இதை நர்ஸாகச் சொல்கிறேன், நம்புங்கள்.

என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அது தெரிய வேண்டும். ஆம்புலன்ஸில் வைக்கிற சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர்தான் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். நீங்கள் வழியில் செலவழித்த நேரமும் அதற்குள்தான். நாங்கள் உள்ளே ஒரு கட்டில் காலியானால்தான் வெளியே ஒருவரை இறக்குவோம். இறக்கியதும் சீட்டு போட வேண்டும், ஆதார் கேட்க வேண்டும், முந்தின டெஸ்ட் ரிப்போர்ட் கேட்க வேண்டும். நானே கேட்டிருக்கிறேன். ஒரு பையன் தகப்பனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனில் ரிப்போர்ட்டைத் தேடினான். கை நடுங்கியதில் போன் கீழே விழுந்தது. அந்தப் பையன் முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது.

மே நடுவில் பல அரசு மருத்துவமனைகளில் ஜீரோ டிலே வார்டு என்று தொடங்கினார்கள். வாசலிலேயே கட்டிலும் ஆக்சிஜனும் வைத்து, முதலில் மூச்சு, அப்புறம் சீட்டு. விரலில் 90-க்குக் கீழே காட்டினால் நேராக மருத்துவமனை, 90-லிருந்து 94 வரை ஆக்சிஜன் உள்ள சிறிய மையம், அதற்கு மேல் இருந்தால் வீடு என்று பிரித்தும் அனுப்பினார்கள். வாசலில் வரிசை குறைந்தது. ஷெட்டும் சிலிண்டரும், காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் கொடுக்கும் அனுமதியும் போதுமாக இருந்தது. பத்து நாள் முன்னால் செய்திருந்தால் உங்கள் அப்பாவையும் உள்ளே எடுத்திருப்போம். மன்னித்துவிடுங்கள் அம்மா.

இன்னொரு தொற்று வந்தால் மறுபடியும் ஊரடங்கு போடச் சொல்வீர்களா?
*ஒரு வாசகர், தஞ்சாவூர்*

ஆக்சிஜன் தீரப்போகிறது என்றால் சொல்வேன். ஆனால் கூடவே இரண்டு கேள்வி கேட்பேன்: வீட்டில் இருக்கச் சொல்லும் குடும்பத்துக்குச் சாப்பாடு எந்தத் தேதியில் வரும்? அடைத்து வைக்கும் நாட்களில் வார்டுக்கு எத்தனை நர்ஸ் கூடுதலாக வருவார்கள்?

இரண்டாவது கேள்வியை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 2020-இல் அவசரத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்கள்தான் எங்கள் வார்டைத் தாங்கினார்கள். அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது, நீட்டிக்கவில்லை. ஜனவரியில் அந்தப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அன்றைக்கு மூன்று மணிக்கு என்னோடு சிலிண்டர் உருட்டிய பெண்ணும் அவர்களில் ஒருத்தி. இப்போது ஊரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். போன மாதம் பேசினேன். "அக்கா, இன்னும் எங்கயாவது தண்ணி கொதிக்கிற சத்தம் கேட்டா திரும்பிப் பாக்கிறேன்" என்றாள்.