தீயில் தோற்ற மெத்தை, கட்டாத பில்

கேள்வி: கோவை அருகே மெத்தை தயாரிக்கும் சிறு யூனிட் வைத்திருக்கிறேன். அமெரிக்காவுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர் ஒருவரின் ஆர்டருக்காக, பல வருட நண்பரின் நீடில் பஞ்ச் ஆலையில் (நாரை ஊசியால் குத்தித் துணியாக்கும் ஆலை) தீத்தடுப்பு நான்வோவன் துணி (நெய்யாத துணி) வாங்கினேன். பில் 14 லட்சம். 90 நாள் கடன் என்று வாய்ப்பேச்சு. "நானாச்சு, தைரியமா தைங்க" என்றார். சாம்பிள் 230 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). வந்த சரக்கு மெலிதாக இருந்தது என்று ஃபோர்மேன் இப்போது சொல்கிறார். பாதிக்கு மேல் வெட்டித் தைத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து லேப் சோதனையில் மெத்தை தோற்றது, ஆர்டரும் ரத்தானது. நண்பர் போனையே எடுக்கவில்லை. அதனால் பணத்தை நிறுத்தினேன். இப்போது எம்எஸ்எம்இ ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலிலிருந்து (சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு) எனக்கே நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏமாற்றியவருக்கு நான் பணம் கட்ட வேண்டுமா? போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: நட்பு, வாக்குறுதி, எடுக்காத போன் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். கவுன்சிலில் அவை எடுபடாது. அங்கே முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தீர்களா?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இல்லை. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டப்படி (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம்), 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ ஆட்சேபம் இல்லையென்றால் சரக்கு வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. வாய்ப்பேச்சில் சொன்ன 90 நாள் கடனும் நிற்காது. எழுத்தில் போட்டிருந்தால்கூட 45 நாளுக்கு மேல் போக முடியாது. போதாததற்குத் துணியை வெட்டித் தைத்துவிட்டீர்கள். சரக்கு விற்பனைச் சட்டப்படி அதுவும் ஏற்பு. இனி "சரக்கை நிராகரிக்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. ஆக, 14 லட்சம் தர வேண்டிய கடன்தான். அந்த இடத்தில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்களிடம் மிச்சமிருப்பது எதிர்க்கோரிக்கை. சரக்கை ஏற்ற பிறகும், தரக்குறைவால் வந்த நஷ்டத்தைக் கேட்கலாம், விலையில் கழிக்கவும் கோரலாம். கவுன்சிலிலேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் நிரூபிக்கும் சுமை இப்போது உங்கள் தோளில். அங்கேதான் எனக்குக் கவலை.

அமெரிக்காவின் மெத்தைத் தீப்பாதுகாப்பு விதியான 16 சிஎஃப்ஆர் 1633 சோதனையில் எரிப்பது துணியை அல்ல, தைத்து முடித்த மெத்தையை. மேலே 70 விநாடி, பக்கத்தில் 50 விநாடி பர்னர் பிடிப்பார்கள். 30 நிமிடச் சோதனையில் வெப்ப வெளியீடு எந்த நேரத்திலும் 200 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. முதல் 10 நிமிடத்தில் மொத்த வெப்பம் 15 மெகாஜூலைத் தாண்டக் கூடாது. உங்கள் லேப் ரிப்போர்ட் "மெத்தை தோற்றது" என்றுதான் சொல்லும், "துணி தோற்றது" என்று சொல்லாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, தையல் நூல் தீ தாங்கும் நூலா, ஓரத்து டேப் எது, தையல் விட்ட இடத்தில் உள்ளே ஃபோம் தெரிந்ததா என்று வரிசையாகக் கேட்பார். சாதாரண பாலியஸ்டர் நூல் போட்டிருந்தால் தையல் உருகித் திறந்துகொள்ளும். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மெத்தை தீப்பிடித்துக்கொள்ளும். இதற்குப் பதில் தயாராக இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

அடுத்து பர்ச்சேஸ் ஆர்டர். அதில் 1633 என்ற எண் இருக்கிறதா, வெறும் "எஃப்ஆர் (தீத்தடுப்பு) நான்வோவன், 230 ஜிஎஸ்எம்" மட்டுமா? எண் இருந்தால், எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி நண்பருடைய அனுபவத்தை நம்பி வாங்கினீர்கள் என்று வாதிடலாம். ரத்தான ஆர்டரின் நஷ்டத்தைக் கேட்கவும் அதுதான் பிடி. இல்லையென்றால், பழைய மெயில், வாட்ஸப்பில் அவர் அமெரிக்க ஆர்டர் என்று தெரிந்துதான் துணி கொடுத்தார் என்பதைக் காட்டும் ஒரு வரியாவது தேடி எடுங்கள்.

மெலிவு விஷயத்தை ஃபோர்மேன் வாயால் நிரூபிக்க முடியாது. ஜிஎஸ்எம் கட்டரும் சின்ன தராசும் இருந்தால் லாரி நிற்கும்போதே தெரிந்திருக்கும். அது வாடிக்கையான சோதனை என்பதால் "கண்டுபிடிக்க முடியாத குறை" என்ற வாதம் ஜிஎஸ்எம்முக்கு ஓடாது. தீத்தடுப்பு இல்லாத நார் கலந்திருந்தது என்றால் ஓடும். அதனால் தைக்காத ரோல்கள்தான் உங்கள் சொத்து. இன்றே ரோல் எண்களோடு போட்டோ எடுங்கள். அவருக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, வரச் சொல்லி, இரு தரப்பும் இருக்கையில் துண்டு வெட்டி சீல் வைத்து லேபுக்கு அனுப்புங்கள். தனியாக அனுப்பிய துண்டை "என் சரக்கே இல்லை" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார். விற்றுப் பணம் பார்க்கலாம் என்று மிச்ச ரோலைக் கைமாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கும் அதோடு போனது.

இனி எனக்கு உண்மையில் பயம் தரும் இடம். "அவனே ஏமாற்றுக்காரன், அவன் கூப்பிட்டால் நான் ஏன் போகணும்" என்று கவுன்சில் நோட்டீசை மூலையில் போட்டவர்கள் உண்டு. அதுதான் பெரிய பள்ளம். தாமதத்துக்கு வட்டி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18. இரண்டு வருடம் இழுத்தால் உங்கள் 14 லட்சம் 20 லட்சமாகிவிடும். அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. தீர்ப்பு எதிராக வந்து கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 சதவீதத்தை, அதாவது சுமார் 15 லட்சத்தை, முதலில் கட்டினால்தான் மனுவையே எடுப்பார்கள். மொத்த பில்லையும் கட்டிவிட்டு வழக்கு நடத்துவதற்குச் சமம் அது. ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டுத் தப்பலாம் என்று யாராவது சொன்னால் அதில் பணம் போடாதீர்கள். இதற்கிடையே பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் கொடுக்கவில்லை என்றால், எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிக் கடனை (வாங்கிய சரக்கின் வரிக்கு எடுத்த கழிவை) வட்டியோடு திருப்ப வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் நாளைக்கே கேளுங்கள்.

போலீஸ் புகார் வேண்டாம். இது சிவில் தகராறு. புகார் கொடுத்தால் சமரச மேசையில் உங்கள் மேல்தான் கோபம் கூடும், வழக்கு பலப்படாது.

நண்பர் குறு அல்லது சிறு நிறுவனமா, உதயம் பதிவு (எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எந்தத் தேதியில் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். நடுத்தர நிறுவனமாக இருந்தால் இந்த வட்டிப் பிரிவே அவருக்குக் கிடையாது. ஆனால் நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால் அந்த அதிர்ஷ்டம் இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

சரி, நேரடியாகச் சொல்கிறேன்: செட்டில் பண்ணுங்கள். கவுன்சில் முதலில் சமரசத்துக்குத்தான் உட்கார வைக்கும். அதற்கு முன்பே எதிர்க்கோரிக்கையை ரிப்போர்ட்டோடு தாக்கல் செய்துவிட்டு, தைக்காத ரோல்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தைத்த துணிக்கு விலையில் ஒரு பங்கு கழித்து, மீதியை உடனே கட்டுவதாக எழுத்தில் கொடுங்கள். ரத்தான ஆர்டரின் லாபத்தை மேசையில் கேளுங்கள், அதிலேயே நிற்காதீர்கள். உடன்பட்டால் வட்டி உட்பட எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், கழிவுக்கு ஜிஎஸ்டி கிரெடிட் நோட் (விலைக் குறைப்புக்கு அவர் தரும் ஆவணம்) வாங்க வேண்டும், அவரிடம் ஏதாவது செக் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெற வேண்டும். செக் கைக்கு வருவதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.