அப்பளத் தொழிலுக்கு முதலில் ஆப் வேண்டுமா?

கேள்வி: நான் மதுரை அனுப்பானடியில் பன்னிரண்டு வருஷமாக அப்பளம் போட்டு விற்கிறேன். ஆறு பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். கீழமாசி வீதியில் மூன்று மொத்தக் கடைகளுக்கும், கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர்கள் சிலருக்கும் கொடுக்கிறேன். சரக்கு தேங்குவதில்லை. ஆனால் கடைகளிலிருந்து பணம் வர இரண்டு, மூன்று மாதம் ஆகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பாதி நாள் வேலையே கிடையாது. இப்போது ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, வெப்சைட், ஆப், ஆன்லைன் விளம்பரம் எல்லாம் சேர்த்து 1.80 லட்ச ரூபாய், வெளியூரிலிருந்தெல்லாம் ஆர்டர் குவியும் என்கிறார்கள். படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் என் மகனுக்கும் ஆசை. வங்கியில் கடன் கேட்டால் கணக்கு வழக்கைக் காட்டு என்கிறார்கள். ஜிபேயில் வரும் பணம் முழுக்க மகனுடைய கணக்கில்தான் விழுகிறது. நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா? ஏஐ காலத்தில் இதெல்லாம் இல்லாமல் பிழைக்க முடியாது என்று சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நகையை வைக்க வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம், இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆர்டர் இல்லை என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. சரக்கு தேங்குவதில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பணம் போகிற இடம் இரண்டு. ஒன்று, கீழமாசி வீதியில் தூங்குகிற பாக்கி. இன்னொன்று, மழை நாளில் நின்றுபோகிற வேலை. அந்த ஆப் இந்த இரண்டில் எதைச் சரிசெய்யும்? ஆர்டர் குவிந்தாலும் கார்த்திகை அடைமழையில் எங்கே காயவைப்பீர்கள்? தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எந்த இடத்தில் நஷ்டமோ அந்த இடத்தில் அதைக் கொண்டுவந்து வையுங்கள் என்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் உழைத்திருக்கிறீர்கள், ஆறு குடும்பத்துக்குக் கூலி கொடுக்கிறீர்கள். ஆனால் உங்கள் பெயரில் இப்படி ஒரு தொழில் நடக்கிறது என்பதற்கு எங்கும் எழுத்து இல்லை. வரவு மகன் கணக்கில், பாக்கி கடைக்காரர் நோட்டில். வங்கி மேலாளர் உங்களை நம்பவில்லை என்று வருத்தப்படாதீர்கள், அவர் பார்ப்பதற்கு உங்களிடம் காகிதமே இல்லை. இதைச் சரிசெய்யப் பெரிய செலவும் ஆகாது.

சிறு தொழில்களைப் பதிவு செய்வதற்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்தது. ஆதார், பான் எண் இருந்தால் போதும், உங்கள் மகனே போனில் செய்துவிடலாம். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. இதே மாதிரிப் பெயரில் பணம் பிடுங்கும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. முகவரி ஜிஓவி.இன் (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் கேட்டாலே அது வேறு இடம் என்று தெரிந்துகொள்ளலாம். பதியும்போது வியாபாரம் என்று போடாமல் உற்பத்தி என்று போடுங்கள். நீங்கள் செய்து விற்கிறவர், வாங்கி விற்கிறவர் இல்லை. இந்த வித்தியாசம் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

அந்தச் சான்றிதழைக் காட்டி, தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். க்யூஆர் அட்டை அந்தக் கணக்குக்கு இருக்கட்டும். நாளையிலிருந்து சமையல் கான்ட்ராக்டர் அனுப்பும் ஐந்நூறு ரூபாய்கூட அதில்தான் விழ வேண்டும். உளுந்து வாங்குகிற பணமும், கூலியும் அதிலிருந்தே போகட்டும். ஆறு மாதம் இப்படி ஓடினால் அந்தக் கணக்கு அறிக்கைதான் வங்கி கேட்கும் கணக்கு வழக்கு. மகனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று: தொழில் பணம் அவர் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால், நாளைக்கு வருமான வரி விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

சரி, பாக்கிக்கு வருவோம். சிறு உற்பத்தியாளருக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நம் ஊரில் பலருக்கு இது தெரியாது. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, உங்களிடம் சரக்கு எடுத்தவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உத்யமில் உற்பத்தியாளராகப் பதிந்தவர்களுக்குத்தான் இது. வாங்கி விற்கும் வியாபாரியாகப் பதிந்தால் கிடைக்காது. உற்பத்தி என்று போடச் சொன்னது இதற்காகத்தான்.

பன்னிரண்டு வருஷமாகச் சரக்கு எடுக்கிற அண்ணாச்சி மேல் புகார் கொடுக்க உங்களுக்கு மனசு வராது. கொடுக்கவும் வேண்டாம். ஆனால் 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடு தாண்டியும் கொடுக்காமல் மார்ச் 31 வரை வைத்திருந்தால், கடைக்காரர் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவில் கழிக்க முடியாது. எப்போது கொடுக்கிறாரோ அந்த வருஷத்தில்தான் கழிக்கலாம். அதாவது கொடுக்காத பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டி வரும். ஆடிட்டர் வைத்து முழுக் கணக்கு எழுதும் மொத்தக் கடைகளில் இது நன்றாகவே உறைக்கும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. சரக்கு கொடுக்கும்போது வெறும் துண்டுச் சீட்டு போடாமல், தேதி, எடை, தொகை, உத்யம் எண், பணம் வர வேண்டிய நாள் எல்லாம் உள்ள பில்லாகக் கொடுங்கள். அந்த எண்ணைப் பார்த்தால் மீதியை அவருடைய ஆடிட்டரே கேட்டுக்கொள்வார். அப்புறம், எந்தக் கடைக்கும் பழைய பாக்கி பாதியாவது வராமல் புதுச் சரக்கு ஏற்றாதீர்கள். இது சட்டமில்லை, ஆனால் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

இதற்கான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் என்று ஓர் ஆப், இலவசம். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது என்று அடையாளம் போட்டு வைக்கலாம். திங்கட்கிழமை காலையில் பணம் பாக்கி என்ற அடையாளத்தைத் தொட்டால் யார் யார் என்று வரிசையாக வந்துவிடும். மகன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அத்தனை பேருக்கும் பில் படத்தோடு மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடலாம். உளுந்து அப்பளம், பிரண்டை அப்பளம், மிளகு அப்பளம் என்று படத்தோடும் விலையோடும் பட்டியல் வைக்கவும் அதில் இடம் இருக்கிறது. 1.80 லட்சத்தில் அவர்கள் செய்து தருவதாகச் சொல்வதில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிவதும் இலவசம்தான்.

அடுத்து மழை. எனக்கு இதில்தான் அதிக அக்கறை, ஏனென்றால் உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்த இரண்டு மாதமும் பாதி நாள் கூலி இல்லாமல் போகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தம் இருக்கிறது, தை பிறந்ததும் கல்யாணங்கள் வரிசையாக வரும். தேவை ஏறும் நேரத்தில் உங்கள் மொட்டைமாடி நனைந்து கிடக்கிறது. ஆகவே நீங்கள் கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் உலர்த்தும் இயந்திரம்.

அதிலும் அவசரம் வேண்டாம். பாலிகார்பனேட் கூண்டு போட்ட சோலார் உலர்த்தியை நிறையப் பேர் விற்கிறார்கள். வெயில் காலத்தில் தூசி, காக்கை தொல்லை இல்லாமல் காயவைக்க அருமையான சாதனம். ஆனால் வெயிலே இல்லாத நாளில் அதுவும் சும்மாதான் நிற்கும். உங்களுக்கு வேண்டியது மின்சார ஹீட்டரோ விறகு அடுப்போ துணைக்கு இணைந்த உலர்த்தி. இன்னொரு விஷயம், உங்களுக்குத் தெரியாதது இல்லை: அப்பளத்தில் சூடு வேகமாக ஏறினால் ஓரம் சுருண்டுவிடும், மேலே காய்ந்த மாதிரி தெரியும், நடுவில் ஈரம் நிற்கும். பாக்கெட்டுக்குள் போன பிறகு பூஞ்சை பிடிக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கவும், காற்றின் வேகத்தை மாற்றவும் முடிகிற இயந்திரமா என்று பார்க்க வேண்டும். அதனால் விற்பவர் காட்டும் வீடியோவை நம்பி வாங்காதீர்கள். உங்கள் மாவு, உங்கள் காரம், நீங்கள் போடும் கனம், அதில் இரண்டு கிலோ அப்பளம் இட்டு ஈரத்தோடு எடுத்துப் போய், இயந்திரம் ஓடுகிற இடத்தில் காயவைத்துப் பாருங்கள். அன்றே பொரித்தும் பாருங்கள், பத்து நாள் கழித்தும் பொரித்துப் பாருங்கள்.

விவரம் கேட்க ஊருக்கு வெளியே அலைய வேண்டாம். ஒத்தக்கடைப் பக்கம் வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே சமுதாய அறிவியல் கல்லூரி இருக்கிறது, உணவு பதப்படுத்துதலில் பயிற்சி தருகிறார்கள். அதே வளாகத்தில் நபார்டு துணையோடு தொடங்கிய வேளாண் தொழில் ஊக்குவிப்பு அமைப்பு ஒன்றும் இருக்கிறது, மாபிஃப் என்றால் தெரியும். ஒரு நாள் கூலியை விட்டாலும் பரவாயில்லை, நேரில் போய் உங்கள் அப்பளத்தைக் காட்டிப் பேசுங்கள்.

பணத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். உணவுத் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் குறு நிறுவனங்களுக்காகப் பிஎம்எஃப்எம்இ என்ற திட்டம் 2020-ல் வந்தது. திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்ச ரூபாய். உலர்த்தி 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கைப்பணம் பத்து சதவீதம், அதாவது 40,000 ரூபாய். மீதி 3.60 லட்சம் வங்கிக் கடன். மானியம் 1.40 லட்சம் கையில் தர மாட்டார்கள். அது வங்கியில் தனியாக நிற்கும், தவணை ஒழுங்காகப் போனால் 3 வருஷம் கழித்துக் கடனில் கழித்துக்கொள்வார்கள். விண்ணப்பம் எழுத உதவ மாவட்டத்துக்கு ஆள் போட்டிருக்கிறார்கள், அவருக்கு ஊதியம் திட்டத்திலிருந்தே போகிறது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடனும் இருக்கிறது. சிறு தொழிலுக்கு இந்த அளவுக் கடன் தர அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேலாளர் சொத்துப் பத்திரம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். "முன்பணம் கட்டினால் முத்ரா வாங்கித் தருகிறேன்" என்று போனில் வருகிறவர்களை மட்டும் அண்டவே விடாதீர்கள்.

வெளியூர் விற்பனை மேல் மகனுக்கு ஆசை என்கிறீர்கள். நல்ல ஆசைதான், ஆனால் அவர் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். ஒரு கிலோ அப்பளத்தை நொறுங்காமல் இருக்கச் சுற்றிலும் அட்டை வைத்து 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் அனுப்பினால் மூன்று கிலோ என்று கணக்கு வரும், மூன்று கிலோவுக்குத்தான் பணம். இந்தச் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்று பத்துப் பெட்டி அனுப்பிப் பார்க்கட்டும், சென்னையிலும் கோவையிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கே அனுப்பலாம். எத்தனை உடைந்தது என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். ஆன்லைன் சந்தைகளில் விற்க ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்று பயமுறுத்தினால், 2023 அக்டோபர் முதல் ஆண்டு விற்பனை ஜிஎஸ்டி வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள் மாநிலத்துக்குள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே விற்க வழி செய்திருக்கிறார்கள். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி வரியும் கிடையாது. பொடி, ஊறுகாய் என்று சேர்க்கும்போது மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஐ பற்றிப் பயப்படாதீர்கள். மாவின் பதம் உங்கள் விரலுக்குத்தான் தெரியும். ஆனால் ஏஐயை வேலைக்காரனாக வைத்துக்கொள்ளலாம். சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலுமே தமிழில் பேசினாலே போதும். இந்தி பேசும் வாடிக்கையாளருக்குப் பதில் எழுத, உளுந்து விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் பாக்கெட் அடக்க விலை என்ன ஆகும் என்று கணக்குப் போட, பாக்கெட் வாசகத்தை ஆங்கிலத்தில் எழுத நன்றாக உதவும். அரசுத் திட்டம், லைசென்ஸ், வரி இதிலெல்லாம் அது சொல்வதை அப்படியே நம்பாமல் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்பளப் படத்தை அதை வைத்துச் செய்யாதீர்கள். நீங்கள் போட்ட அப்பளத்தைக் காலை வெளிச்சத்தில் தட்டில் வைத்து மகன் எடுத்தால், வாங்குகிறவர் கைக்கு வருவதும் அதுவாகவே இருக்கும்.

உங்கள் அப்பளத்துக்கு ஒரு பெயர் இருந்தால், அதற்கு வர்த்தகக் குறியும் (டிரேட்மார்க்) எடுத்துவிடலாம். உத்யம் சான்றிதழ் இருந்தால் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு இது 9,000. அவசரமில்லை, பாக்கி வசூலான பிறகு செய்யுங்கள்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் மறுபடி வருவார்கள். வந்தால் மகனையே பேசவிடுங்கள். வெப்சைட் முகவரி யார் பெயரில் பதிவாகும்? அடுத்த வருஷம் என்ன கட்ட வேண்டும்? உங்களை விட்டு விலகினால் வாடிக்கையாளர் எண்களும் படங்களும் எங்கள் கைக்கு வருமா? இதற்கு முன் செய்து கொடுத்த உணவுத் தொழில்காரர் இரண்டு பேரிடம் நாங்கள் பேசலாமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். தராவிட்டால் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே உத்யம் பதிவை முடித்துவிடுங்கள்.