டாம்கேட் மேனேஜரை வெளியிலிருந்து திறந்தால் 403 வருகிறது. வெளியாரைத் தடுக்கும் அந்த வால்வ் வரியை நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள்.

உங்கள் நிலைமை எனக்கு ஓரளவு புரிகிறது. வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு சர்வர், முன்னால் வருகிற கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் 8080ஆம் போர்ட்டில் ஜாவா ஆப்களை ஓட்டும் டாம்கேட். வீட்டிலிருந்து 8080ஐ நேராகத் திறந்திருப்பீர்கள், 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதில், வந்திருக்கும். ஆப்களை ஏற்றவும் நீக்கவும் உதவும் டாம்கேட்டின் பக்கம்தான் மேனேஜர். அதன் கான்டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும் ரிமோட் அட்ரஸ் வால்வை எடுத்துவிடச் சொல்லி யாரோ ஒரு வீடியோவில் சொல்லியிருப்பார். அந்த வரியின் வேலை ஒன்றுதான்: 127 என்று தொடங்கும் முகவரியிலிருந்து, அதாவது இதே மெஷினிலிருந்து, வருபவரை மட்டும் உள்ளே விடுவது.

நான் அந்த வரியைத் தொடவே இல்லை. தொடாமலே மாட்டிக்கொண்டேன்.

கோவைப் பக்கம் ஒரு மில்லுக்கு வருகைப் பதிவு ஆப் நடத்திக்கொண்டிருந்தோம். என்ஜின்எக்ஸில் ஒற்றைச் சாய்கோடு போட்டு, எது வந்தாலும் 8080க்கு அனுப்பு என்று எழுதியவன் நான்தான். அதில் மேனேஜரும் சேர்ந்து போகும் என்று தோன்றவில்லை. இரண்டும் ஒரே மெஷின் என்பதால், உலகத்தில் யார் வந்தாலும் டாம்கேட்டின் கண்ணுக்கு 127.0.0.1தான். வாசலில் காவலாளி நிற்கிறார், ஆனால் வருகிற எல்லோரும் வீட்டுக்காரர் முகத்தோடு வருகிறார்கள்.

ஒரு நாள் ராத்திரி டிப்ளாய் செய்ய, அதாவது ஆப்பின் புதுப் பதிப்பை ஏற்ற, மேனேஜருக்குப் போனால் பாஸ்வேர்டு தப்பு என்றது. மறந்துவிட்டேனோ என்று மாற்றி, டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தேன். உள்ளே விட்டது. இரண்டு நிமிடத்தில் மறுபடியும் தப்பு. மறுபடி மாற்றினேன், மறுபடி இரண்டு நிமிடம். லாகைத் திறந்தால் பூட்டப்பட்ட அட்மின் கணக்கில் யாரோ நுழைய முயல்வதாக வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. டாம்கேட்டில் ஐந்து முறை பாஸ்வேர்டு தவறினால் அந்தக் கணக்கை 300 விநாடி பூட்டிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பூட்டியிருக்கும்போது தவறான பாஸ்வேர்டோடு மறுபடி யாராவது முயன்றால் 300 மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். ரீஸ்டார்ட் செய்தால் அந்த எண்ணிக்கையும் பூட்டும் அழிந்துவிடும். அதனால்தான் இரண்டு நிமிட வாழ்வு. புதுப் பாஸ்வேர்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

யார் அந்த ஆள் என்று டாம்கேட்டின் ஆக்சஸ் லாகைப் பார்த்தால் எல்லா வரியிலும் 127.0.0.1. நம் மெஷினில் உட்கார்ந்துதான் யாரோ செய்கிறார்கள் என்று முடிவு கட்டி, சர்வர் சாவி வைத்திருந்த ஜூனியர் பையனைப் போனில் எழுப்பித் திட்டினேன். ஏதாவது ஸ்கிரிப்டை ஓடவிட்டுத் தூங்கிவிட்டாயா என்று கேட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, என்ஜின்எக்ஸ் லாகைப் பார்த்தீங்களா?" என்றான். அதில் வெளிநாட்டு முகவரிகள் வரிசையாக நின்றன. நல்லவேளை, யாரும் உள்ளே வரவில்லை. வந்திருந்தால் ஒரு வார் ஃபைலை (ஜாவா ஆப்பின் பொட்டலம்) ஏற்றி, அந்தச் சர்வரில் வேண்டியதை ஓட்டியிருப்பார்கள்.

சரி, உங்களுக்கு வழி. முதலில் டாம்கேட்டின் அமைப்பு ஃபைலான சர்வர் எக்ஸ்எம்எல்லில், 8080ஐக் கவனிக்கும் கனெக்டர் வரியில் அட்ரஸ் 127.0.0.1 என்று கொடுங்கள். 8080 வெளியே தெரியாமல் போகும். என்ஜின்எக்ஸில் ஆப்பின் பாதையை மட்டும் அனுப்புங்கள். மேனேஜருக்கு எஸ்எஸ்எச் சுரங்கம், அதாவது சர்வருக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு, போதும்: கட்டளையில் ஹைஃபனும் பெரிய எல்லும் போட்டு 8081:லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று கொடுத்தால், உங்கள் லேப்டாப்பின் 8081 போய் சர்வரின் 8080இல் சேரும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8081இல் மேனேஜர் திறக்கும். வால்வுக்கும் சந்தோஷம், ஏனென்றால் இப்போது நீங்கள் நிஜமாகவே 127. இன்னொரு லாபம், என்ஜின்எக்ஸின் 1 எம்பி அப்லோடு வரம்பு இந்த வழியில் குறுக்கே வராது. மேனேஜரின் சொந்த வரம்பு 50 எம்பி.

என்ஜின்எக்ஸில் மேனேஜர் பாதைக்குத் தடை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இரண்டு புள்ளி, ஓர் அரைப்புள்ளி கலந்த பாதையை என்ஜின்எக்ஸ் ஒரு மாதிரி படிக்கும், டாம்கேட் வேறு மாதிரி படிக்கும். அந்த இடுக்கு வழியாக உள்ளே போகலாம் என்று தைவான் பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் 2018இல் பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கினார். அதனால் ரிமோட் ஐபி வால்வையும் சேருங்கள். என்ஜின்எக்ஸ் எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் ஹெடரை அனுப்பினால், வந்தவரின் உண்மையான முகவரி டாம்கேட்டுக்குத் தெரியும். அப்போதுதான் உள்ளே நிற்கும் காவலாளிக்குக் கண் தெரியும். முன்னால் நிற்கும் சர்வர் டாம்கேட்டோடு பேசும் இன்னொரு வழி ஏஜேபி; அதன் 8009 போர்ட் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். 2020இல் வந்த கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை அந்த வழியாகத்தான்.

"இந்தக் காலத்தில் டாம்கேட்டா, டாக்கர் இல்லையா, பைப்லைன் இல்லையா" என்று யாராவது வருவார்கள். வாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் சர்வருக்குத் தரமாட்டேன் என்கிற மில் முதலாளியிடம் நீங்களே பேசி வாங்கிக்கொடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்கிறேன். அன்று வேலை முடியும்போது மணி நாலரை. மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீஸ் போனேன். எங்கள் ஆபீஸிலும் அதே வருகைப் பதிவு ஆப்தான். ராத்திரி முழுக்கக் காப்பாற்றிய என் பெயருக்கு நேரே அரை நாள் சம்பளப் பிடித்தம் என்று போட்டிருந்தது. எச்ஆரிடம் கேட்டதற்கு, "சிஸ்டம் போட்டது சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். அந்த சிஸ்டத்தின் அட்மின் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது.