அடியெடுத்துக் கொடுத்தால் போதும்

கேள்வி: மாமனாருக்கு 78 வயது. காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்கே மறந்துவிட்டு, "இன்னும் டிபன் தரலையே" என்கிறார். ஆனால் பதிகத்தில் ஓரடி எடுத்துக் கொடுத்தால் கடைசி வரை பிசகாமல் பாடுகிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் பேச்சு.
- வாசகி, திருவையாறு

பதில்: நடிப்பில்லை. அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இன்று நடந்ததைப் புதிதாகப் பதியவைப்பது ஹிப்போகாம்பஸ். மூளையின் உட்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அல்சைமர் நோய் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான் முதலில் அரிக்கும். பல வருடம் பாடி ஊறிய பதிகமோ மூளையின் மேலடுக்கான புறணியில் பரவலாகப் பதிந்தது. அதை மீட்க ஹிப்போகாம்பஸ் அவ்வளவாகத் தேவைப்படாது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நிற்பதற்காக இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். பிறகு சந்தித்தவர்கள் எவரும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது, முந்தின நாள் வரைந்ததே நினைவில்லாமல்!

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுச் சோதிக்காதீர்கள். சாப்பிட்டதும் சிலேட்டில் அவர் கையாலேயே எழுதவைத்து, கண்ணில் படும்படி மாட்டுங்கள். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம். அந்தக் குறைகளால் வரும் மறதிக்கு மருந்து உண்டு. குழப்பம் இரண்டொரு நாளில் திடீரென வந்ததென்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்.

கேள்வி: ஓரடியிலிருந்து முழுதும் மீள்வதைக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாமா?
- கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: தாராளமாக. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஹாப்ஃபீல்ட் 1982-ல் வெளியிட்ட செயற்கை நரம்பு வலை இதற்கே பொருத்தம். 2024 இயற்பியல் நோபலில் அவருக்கும் பங்கு உண்டு. 10×10 கட்டத்தில் எழுத்துகளை வரையுங்கள்: கறுப்பு +1, வெள்ளை -1. எந்த இரு கட்டத்துக்கும் இடையே ஓர் இணைப்பு, மொத்தம் 4950. இரு கட்டத்தின் மதிப்பையும் பெருக்கி, எல்லா எழுத்துக்கும் கூட்டினால் அந்த இணைப்பின் எடை. தனக்குத்தானே உள்ள இணைப்பு 0. பிறகு பாதி அழித்த எழுத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும், மற்றக் கட்டங்களின் மதிப்பை அந்தந்த இணைப்பின் எடையால் பெருக்கிக் கூட்டி, வரும் தொகையின் குறியையே (+1 அல்லது -1) புது மதிப்பாக வையுங்கள். எதுவும் மாறாத நிலை வந்தால் நிறுத்தலாம்.

கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இரண்டு நிலைகளுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கக்கூடும். 100 கட்டத்துக்குச் சுமார் 14 வடிவம்தான் தாங்கும், அதுவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்தால். ன, ண போன்ற ஒத்த எழுத்துகளைச் சேர்த்தால் இரண்டும் கலந்து, நீங்கள் பதிக்காத ஓர் உருவத்தில் போய் நிற்கும். ஈற்றடி ஒன்றாகவே வரும் பதிகத்தில் மூன்றாம் பாட்டிலிருந்து ஏழாம் பாட்டுக்குத் தாவிவிடுவதும் ஏறக்குறைய இதே கோளாறுதான். வலைக்கு உணர்வு உண்டா என்று கேட்பீர்கள். இது நினைவை மீட்பதற்கான மாதிரி மட்டுமே. உணர்வைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.