வீட்டுக் கடன் காத்திருக்கட்டும்

கேள்வி: ஐயா, கடலூரில் செம்மண்டலம் பக்கம் எங்கள் வீடு. 2018 கடைசியில் 22.5 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம், 20 வருஷத் தவணை. ஏழு வருஷம் கட்டிய பிறகும் 20 லட்சம் பாக்கி, இன்னும் 15 வருஷம் இருக்கிறது என்கிறார்கள். 7-உம் 15-உம் 22 ஆயிற்றே, அது எப்படி? வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 19,695 ரூபாய். இது தவிர கிரெடிட் கார்டில் 80,000 இருக்கிறது (2024 டிசம்பர் வெள்ளத்தில் ஃபிரிட்ஜ், மோட்டார், வண்டி எல்லாம் போய் வாங்கியது). 10 பவுன் நகை வங்கியில் 3 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது, 2022-லிருந்து வருஷா வருஷம் தீபாவளி போனஸில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறோம். மாமியார் ஆபரேஷனுக்குத் தெரிந்தவரிடம் 2 வட்டிக்கு 2 லட்சம் வாங்கினேன். அது ஒரு லட்சம் என்றுதான் என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று, 20 மாதம், இது எட்டாவது மாதம், இன்னும் எடுக்கவில்லை. அவருக்கு சிப்காட்டில் 36,000 சம்பளம், எனக்குப் பள்ளியில் 13,000, ஜாக்கெட் தைப்பதில் மாதம் 5,000 வரும். அந்த ஐயாயிரத்தை இனிமேல் வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டிச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கடலூர்

பதில்: அம்மா, உங்கள் கணவரின் ஆசையில் தப்பே இல்லை. 20 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் இந்த மாதம் வட்டி மட்டும் 14,167 ரூபாய். நீங்கள் கட்டும் 19,695-ல் அது போக அசலில் கழிவது 5,528 தான். மாதம் 5,000 சேர்த்துக் கட்டினால் 15 வருஷம் ஏறக்குறைய 10 வருஷமாகிவிடும், வட்டியில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் மிச்சம். கணக்கு கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஐயாயிரம் போய்ச் சேர வேண்டிய இடம் இப்போதைக்கு அது இல்லை.

முதலில் 7-உம் 15-உம் 22 ஆன கதை. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கொரோனாவுக்காகத் தவணையைத் தள்ளிவைக்கச் சலுகை கொடுத்தார்களே, அதை எடுத்துக்கொண்டீர்களா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். தவணைதான் தள்ளிப்போனது, அந்த ஆறு மாத வட்டி அசலோடு ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்புறம் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. அப்போது நிறைய வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் மாதங்களைக் கூட்டிவிட்டன. மாதம் போகிற தொகை மாறாததால் யாருக்கும் உறைக்கவில்லை. உங்களுக்கும் இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ நடந்திருக்கும்.

இப்போது அதே ஐயாயிரத்தை மற்ற இடங்களில் வைத்துப் பாருங்கள். வீட்டுக் கடனில் போட்டால் வருஷத்துக்கு 425 ரூபாய் வட்டி மிச்சம். அந்த 2 வட்டிக் கைக்கடனில் போட்டால் 1,200. கார்டில் போட்டால், மாதம் மூன்றரை சதவீதம், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 2,500. உங்கள் கார்டு பில்லைக் கையில் எடுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' என்று 4,000 சொச்சம் போட்டிருக்கும், அதை ஒழுங்காகக் கட்டிக்கொண்டும் இருப்பீர்கள். அதில் வட்டி 2,800, வரி 504. கடனில் கழிந்தது 700 ரூபாய். நாலாயிரம் கொடுத்து எழுநூறு ரூபாய் கடனை அடைக்கிறோம் என்று சொன்னால் நம்முடைய பாட்டிகள் விளக்குமாற்றை எடுத்திருப்பார்கள்.

அதனால் சீட்டை எடுங்கள். எட்டாவது மாதமே எடுப்பது நஷ்டம், கடைசி வரை பொறுத்தால் தள்ளு (ஏலத்தில் நாம் விட்டுக்கொடுக்கும் தொகை) இல்லாமல் முழுசாக வரும் என்று யாராவது சொல்வார்கள், கையில் கடன் இல்லாதவருக்கு அது சரி. உங்கள் சீட்டில் தள்ளு 15,000, கமிஷன் 5,000 என்று போனால் 80,000 கைக்கு வரும். அப்படியே கார்டைத் தீர்த்துவிடலாம். தள்ளு 20,000 வரை போனாலும் பரவாயில்லை, குறைகிற ஐயாயிரத்துக்கு ஒரு மாதத் தையல் காசு இருக்கிறது. இன்னும் 12 மாதம் கார்டை அப்படியே விட்டால் வட்டியும் வரியுமாக முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் போகும், தள்ளில் போவது இருபதுதான். அதற்கு மேல் யாராவது கேட்டால் இந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் பாருங்கள். ஏலத்தில் வீம்பு வேண்டாம்.

அடுத்தது 2 வட்டிக் கடன். வருஷத்துக்கு 24 சதவீதம், மாதம் 4,000 வட்டியாகவே போகிறது, அசல் அசையவே இல்லை. இதற்கு உங்கள் நகையே வழி. 2022-இல் பவுன் 40 ஆயிரத்தை ஒட்டி இருந்தபோது 10 பவுனுக்கு 3 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். 2025-இல் பவுன் 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த முறை மாற்றி வைக்கும்போது பழைய தொகைக்கே வைக்காமல் மறுபடி மதிப்புப் போடச் சொல்லி 5 லட்சமாக வாங்குங்கள், கூடுதலாக வரும் 2 லட்சத்தில் கைக்கடனை முடித்துவிடுங்கள். நீங்கள் வட்டி விகிதம் எழுதவில்லை. ஒன்பதரை சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். வருஷம் 48,000 போன இடத்தில் 19,000 போகும். பணம் கொடுக்கும்போது புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்குங்கள், 'அது எங்கேயோ வெச்சேன், நாளைக்குத் தரேன்' என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். பகுதியாகக் கொடுப்பதாக இருந்தால் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். தெரிந்தவர்தானே என்று கூச்சப்படாதீர்கள், தெரிந்தவர்தானே என்று அவர் வட்டியைக் குறைக்கவில்லை.

ஆனால் ஒன்று. கைக்கடன் இரண்டு லட்சம் என்று இதற்கு முன்பே கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஐந்து லட்சத்துக்கு நகை வைக்கும்போது எப்படியும் தெரியத்தான் போகிறது, வங்கி கவுன்டரில் வைத்துத் தெரிவதைவிட வீட்டில் தெரிவது நல்லது. ஒரு நாள் சத்தம் போடுவார், மறுநாள் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். அவர் அம்மாவுக்கு ஆன செலவுதானே.

இப்போது கார்டுக்குப் போன 4,000, கைக்கடன் வட்டிக்குப் போன 4,000, ஆக 8,000 மாதம் மிச்சம். அதை மாதாமாதம் நகைக் கடன் கணக்கில் கட்டுங்கள். சில கிளைகளில் 'வருஷக் கடைசியில மொத்தமா கட்டுங்கம்மா' என்று அனுப்பப் பார்ப்பார்கள், பகுதியாகக் கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டி ரசீது வாங்குங்கள். தீபாவளி போனஸில் வட்டிக்கென்று எடுத்த 28,500-ஐயும் வழக்கம் போல அங்கேயே போடுங்கள்.

தையல் காசை மட்டும் முதல் ஒரு வருஷம் எந்தக் கடனுக்கும் கொடுக்காதீர்கள். அது மழைக்காசு. கடலூர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015 மழை, 2024-இல் ஃபெஞ்சல் புயல் முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து நின்றது. உங்கள் கார்டுக் கடன் எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் 60,000 இருந்திருந்தால் அன்றைக்குக் கார்டைத் தேய்த்திருக்க மாட்டீர்கள். இதே காரணத்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது, போனஸ் வந்தது என்று ஐப்பசியில் ஓடிப்போய்க் கடனில் மொத்தமாகக் கொட்டாதீர்கள், தை பிறக்கட்டும். மூன்று மாத வட்டி வீண்தானே என்று பேங்க்கில் சொல்வார்கள். வீண்தான். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது வங்கி கட்டிய பணத்தைத் திருப்பித் தராது.

ஒரு வருஷத்தில் சீட்டும் முடியும், மழைக்காசும் சேர்ந்துவிடும். அப்புறம் 8,000, சீட்டுக் காசு 5,000, தையல் 5,000 எல்லாம் சேர்ந்து மாதம் 18,000 நகைக்குப் போனால், இன்றையிலிருந்து மூன்று வருஷத்துக்குள் 10 பவுனும் பீரோவுக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் அந்த 18,000 வீட்டுக் கடன் பக்கம் திரும்ப வேண்டும்.

அதுவரை வீட்டுக் கடனில் செய்ய வேண்டியது ஒரே வேலை. 2019 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்பதால் உங்களுடையது இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர். கணக்கிலேயே (வங்கி தன் செலவைப் பார்த்துத் தானே வைக்கும் வட்டி) கிடக்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5-லிருந்து 5.5 ஆனது, அதன் பலன் பழைய கணக்குகளுக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஒரு சின்னக் கட்டணம் கேட்பார்கள். 7.75 கிடைத்தால்கூட, இதே 19,695-ஐக் கட்டி வந்தாலே 14 தவணை குறைகிறது, கிட்டத்தட்ட 2.8 லட்சம். 'தவணைத் தொகை குறைய வேண்டாம், மாதங்கள் குறையட்டும்' என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், வாயால் சொன்னால் போதாது. முன்கூட்டி அடைக்க அபராதம் உண்டா என்ற பயமும் வேண்டாம். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

7.75-லேயே நின்றால், இன்றையிலிருந்து மொத்தம் ஏழரை வருஷத்தில் எல்லாக் கடனும் தீருகிறது. ஏழரை என்றதும் திருநள்ளாறுக்குக் கிளம்பாதீர்கள், இது நல்ல ஏழரை.

வீட்டுக் கடன் மேலேயே டாப்-அப் வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வட்டி குறைவுதான். ஆனால் 2024-இல் வாங்கிய ஃபிரிட்ஜுக்கு 2040 வரை தவணை கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: வயது 48. வீட்டுக் கடன் 6 லட்சம் பாக்கி, வட்டி 8.5 சதவீதம். பி.எஃப். பணத்தை எடுத்து அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? கடனை அடைத்தால் வரிச் சலுகை போய்விடும் என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். வருமானம் வருஷம் 9 லட்சம்.
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பி.எஃப்.-க்கு 2024-25க்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம், அதுவும் வரி இல்லாமல். 8.5-ஐ அடைக்க 8.25-ஐ உடைப்பதில் என்ன லாபம்? கால் சதவீதம். அதற்காக 58 வயதுக்குரிய பணத்தை எடுக்க வேண்டாம், சம்பளத்திலிருந்து கட்டுங்கள். வரி விஷயம் அதைவிடச் சுலபம். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே கிடையாது, சம்பளக்காரருக்கு நிலைக் கழிவோடு 12.75 லட்சம். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவும் கிடையாது. இல்லாத வரியில் சலுகை வாங்க எதற்கு வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும்? அலுவலகத்தில் அந்தக் கணக்கைச் சொன்னவரிடம் டீ வாங்கிக் குடியுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் வீட்டுக் கடனின் கடைசித் தவணை, நான்கு வருஷம் முன்கூட்டியே. கட்டிவிட்டு வந்துவிட வேண்டியதுதானே?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வாழ்த்துகள். வந்துவிடாதீர்கள், அங்கேயே உட்காருங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் நான், 2014-இல் என் வீட்டுக் கடனை முடித்துவிட்டு அதே தப்பைச் செய்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் கிரயப் பத்திரம் இருக்கிறது, மூலப் பத்திரத்தைக் காணோம். கிளையில் கேட்டால் வட்டார அலுவலகம், அங்கே கேட்டால் கிளை. ஐந்து மாதம் கழித்து, வேறு யாருடைய கட்டிலோ மஞ்சள் நாடாவுக்குள் செருகிக் கிடந்ததை ஒரு கடைநிலை ஊழியர் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தக் கட்டுக்காரர் என் பத்திரத்தையும் சேர்த்து வாங்கிப் போயிருந்தால் என் கதி என்ன என்று இன்னும் சில ராத்திரிகளில் நினைத்துக்கொள்வேன்.

இப்போது உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுசாக முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கடன் வாங்கியபோது நீங்கள் ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியல் ஒன்று கொடுத்திருப்பார்கள், அதைத் தேடி எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக டிக் போட்டு வாங்குங்கள். பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்குங்கள். அப்புறம், கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்தார்களே, அது வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். வங்கி அதிகாரியை அழைத்துப்போய் ரத்து ரசீதைப் பதிவு செய்தால்தான் போகும். கொஞ்ச நாள் கழித்து ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று.