ஆதார் நகல் கேட்டால் அப்பா உடனே நீட்டுகிறார், மகள் தயங்குகிறாள். ஏன்?

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்கு ரேஷன், பென்ஷன் எல்லாம் அரசு தந்தவை. அதனிடம் மறைக்க என்ன இருக்கிறது என்பார். தங்கை போனோடு வளர்ந்தவள், கொடுத்த எண் எங்கெல்லாம் சுற்றும் என்று அறிந்தவள். 2024 மே மாதம், வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் வர விவரங்களைப் பதிந்து வாங்கும் இ-பாஸ் வந்தபோதும் இதே வாக்குவாதம்.

நான் தங்கை பக்கம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒன்றிய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் தருகிறது. அதுதான் எனக்குக் கவலை.

வயது மட்டும் காரணமில்லை. 2012-இல் அந்த அந்தரங்க உரிமை வழக்கைத் தொடுத்தபோது ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி எண்பதைத் தாண்டியிருந்தார். அப்பாவிடம் இதைச் சொன்னேன், சற்று யோசித்தார். அப்புறம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகலை எடுத்துத் தரச் சொன்னார்.