சம்பளமும் இல்லை, முன்பணம் வேறா?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகள் இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறாள். அங்கே ஒரு பெரிய இசை விழாவில் தொண்டராக நிற்கப் போகிறாளாம். சம்பளம் கிடையாதாம், அதற்கு மேல் இவளே முன்பணமும் கட்ட வேண்டுமாம். நகையை அடகு வைத்து அனுப்பிய பிள்ளை. கூலி இல்லாமல் யாருக்கோ உழைக்கவா அனுப்பினோம் என்று அவள் அப்பா கோபமாக இருக்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரின் கோபம் எனக்குப் புரிகிறது. நாள் முழுக்கத் தேயிலை மலையில் நின்றும் கொழுந்து நிறை குறைந்ததென்று அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், வாங்கிய வீட்டில் பிறந்தவள்தான் நானும். கடனைத் துண்டில் எழுதி, ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய முறை 1921இல்தான் ஒழிந்தது. முன்பணம் என்றாலே நம் ஆட்களுக்கு வயிறு கலங்கும்.

மகள் சொல்லும் முன்பணம் வேறு வகை. கிளாஸ்டன்பரி விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சோமர்செட்டில் ஒரு மாட்டுப் பண்ணையில் 1970இல் தொடங்கியது, இப்போது இரண்டு லட்சம் பேர் கூடும் இடம், 2025இல் டிக்கெட் மட்டும் 373.50 பவுண். வாசலில் நிற்கவும் வழி காட்டவும் ஒக்ஸ்பாம் போன்ற தொண்டு நிறுவனங்கள் ஆட்களை அனுப்புகின்றன, அதற்காக விழாக்காரர்கள் ஒக்ஸ்பாமுக்குப் பணம் கொடுக்கிறார்கள், அது ஏழை நாடுகளில் அவர்கள் செய்யும் வேலைக்குப் போகிறது. தொண்டர் டிக்கெட் வாங்க வேண்டாம். கூடாரம் போடத் தனி இடம் உண்டு. ஒவ்வொன்றும் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மூன்று ஷிப்ட், மீதி நேரம் பாட்டுக் கேட்கலாம். உள்ளே போனதும் ஷிப்டுக்கு வராமல் மறைந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் முன்பணம். வேலையை ஒழுங்காக முடித்தால் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் விழா முடியும் வரை அது முடங்கிக் கிடக்கும், அதனால் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நானும் அங்கே இருந்த காலத்தில் ஒரு விழாவில் இரவு ஷிப்ட் நின்றிருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தன் கூடாரம் எங்கே என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு வந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரை மணி நேரம் தேடி நடந்தேன். நடக்க நடக்க நம் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துதான் ஞாபகம் வந்தது. மாசி மாதக் குளிரில் ராத்திரி முழுக்கத் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக் கொடுப்பவருக்கும், பந்தம் பிடிப்பவருக்கும், தேத்தண்ணி ஊற்றும் அக்காமாருக்கும் யார் பேர் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள்? இதை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

எனக்குப் பயமெல்லாம் விசாவைப் பற்றித்தான். மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்குப் போனவர்கள் பாட காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒப்பந்தம், கட்டாயக் கடமை என்று வந்துவிட்டால் சம்பளமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும், கட்டுப்பாடில்லாத தொண்டு சேராது. ஜூன், ஜூலை விடுமுறைதானே என்று அவள் நினைக்கலாம். முதுகலைப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் பெரும்பாலும் பாட காலம்தான். விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

அப்புறம், பணத்தை அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளம் வழியாக மட்டுமே கட்ட வேண்டும். முகநூலில் இடம் பிடித்துத் தருகிறேன் என்பவர்களை நம்பக் கூடாது. கிளாஸ்டன்பரிக்கு 2026 ஓய்வு ஆண்டு. நாம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி விடுகிற மாதிரி அவர்கள் நிலத்தை விட்டுவைக்கிறார்கள், அந்த வருடத்துக்கென்று யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தால் போகட்டும் தங்கச்சி. முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து ஒன்று வாங்கச் சொல்லுங்கள். மழை பெய்தால் அங்கே சேறு நம் ஐப்பசிச் சேற்றை விட மோசம்.